இலவம்பஞ்சு ஹெல்மெட்

விஜயா ஹெல்மெட்டைத் தலைகீழாகப் பிடித்து, உள்ளே மூக்கை விட்டு முகர்ந்தாள்.

“தோலு,” என்றாள்.

“எங்கே?” என்றான் அஜிதநாதன்.

“உள்ள பட்டை பட்டையா தெச்சிருக்குது பாருங்க. மாட்டுத் தோலு. தாடைக்குக் கட்டற வாரும் அதேதான்.”

அஜிதநாதன் வாங்கி முகர்ந்து பார்த்தான். பட்டணத்தில் மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கியபோது அதில் ஹெல்மெட் வாசனைதான் வந்தது. காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில், ஒரு ஜைன வீட்டுக் கூடத்தில் வைத்து முகர்ந்தால் மாட்டு வாசனை வந்தது.

“மிலிட்டரி சாமான்னு சொன்னான் கடைக்காரன்.”

“மிலிட்டரிக்கு என்னாங்க விரதம்? நமக்கில்ல இருக்குது,” என்று அதைக் கொண்டுபோய் வாசற்படிக்கு வெளியே, செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். செருப்பு ரப்பர் செருப்பு.

விரதம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

விஜயா தென்னேரி பள்ளிக்கூடத்தில் அஞ்சாங்கிளாஸ் டீச்சர். பொழுது சாய்ந்த பிறகு வாயில் பருக்கை வைப்பதில்லை என்று கல்யாணத்துக்கு முன்பே விரதம் எடுத்தவள். அவர்கள் ஜனங்களில் அது புதிதல்ல. குறுக்கே வந்தது பஸ்தான். பள்ளிக்கூடம் சாயங்காலம் நேரத்தோடு விட்டுவிடும். பஸ் எப்போது வரும் என்பதை பஸ் முடிவு செய்யும். வாலாஜாபாத்தில் நின்று டிரைவர் டீ குடித்து, கண்டக்டர் யாரோ உறவுக்காரரை நலம் விசாரித்து, காஞ்சிபுரம் வந்து சேரும்போது தெருவில் விளக்கு எரியும். விஜயா வெறும் வயிற்றோடு படுத்துக்கொள்வாள்.

அஜிதநாதன் அந்த விரதம் எடுத்துக்கொள்ளவில்லை. அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறவன். இருட்டிய பிறகு வீட்டுக்கு வருவான். அவனுக்குப் பசியும் அப்போதுதான் வரும். பட்டினி கிடக்கும் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மோர்க்குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவது கஷ்டமான காரியம். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டுப் பழகியிருந்தான்.

ஐப்பசியில் மாமனார் ஸ்ரீபாலன் வந்தார். மகள் முகத்தைப் பார்த்தார். கன்னம் ஒட்டியிருந்தது.

“பொங்கலுக்குள்ள ஒரு வழி பண்ணுங்க மாப்பிள்ளை. பொழுதோட வீட்டுக்கு வந்து அது சாப்பிடணும். இல்லன்னா வேலைய விட்டுடட்டும். சம்பளத்துக்காக எம் பொண்ணு பட்டினி கெடக்கத் தேவையில்ல.”

விஜயா மடியிலிருந்த அஞ்சாங்கிளாஸ் பரீட்சைத் தாள்களை, யாரோ பிடுங்க வருவதுபோல இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறு வாரமே அஜிதநாதன் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினான். தினமும் மில்லிலிருந்து கொஞ்ச நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு தென்னேரிக்குப் போய், விஜயாவைப் பின்னால் உட்காரவைத்து, வெளிச்சத்திலேயே வீட்டுக்கு வந்துவிடுவது என்று திட்டம். திட்டத்தில் குறை எதுவும் இல்லை. அவனுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது, அவ்வளவுதான்.

முதல் நாள் வேகவதி ஆற்று மணலில் விழுந்தான். அடுத்த நாள் மணலைத் தவிர்க்கப் போய்க் கல்லில் விழுந்தான். அதற்கடுத்த நாள் நின்றுகொண்டிருந்த வண்டியிலிருந்து விழுந்தான். அதை மெக்கானிக் தணிகாசலத்தாலும் விளக்க முடியவில்லை.

“சார், வண்டி ஓடறப்ப வுழறது சகஜம். நிக்கிறப்ப வுழுந்தீங்க பாருங்க, அதுக்கு பிராக்டிஸ் வேணும்.”

விஜயா முழங்காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு எழுந்தாள்.

“தலைக்கும் ஒடம்புக்கும் முழுசாக் கவசம் இல்லாம நீங்க இந்த வண்டில ஏறக் கூடாது.”

“சரி.”

“சரின்னு சொன்னா போதாது. வாக்குக் குடுங்க.”

கொடுத்தான். ஸ்கூட்டரை வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். துடைப்பது, மூடுவது எல்லாம் தன் பொறுப்பு என்றாள் விஜயா. ஓடாமல் கிடந்தால் இன்ஜின் கெட்டுவிடும், அவ்வப்போது வந்து ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறேன் என்றான் தணிகாசலம். நல்ல மனுஷன், அவனாகவே சொன்னான்.

அப்படித்தான் அந்த மூர் மார்க்கெட் ஹெல்மெட் வந்தது.

தோலைப் பிரித்து எடுத்துவிடலாம் என்று அஜிதநாதன் யோசனை சொன்னான். பிரித்தெடுத்துப் போட்டுப் பார்த்தால், அண்டாவைக் கவிழ்த்ததுபோல ஹெல்மெட் தோள்வரை இறங்கியது. உள்ளிருந்து அவன் பேசியது அவனுக்கே இரண்டு தடவை கேட்டது.

“மெத்துன்னு எதையாவது வெச்சித் தெச்சா சரியாப் போச்சி,” என்று மில்லுக்கு நெல் கொண்டுவரும் யாரோ சொன்னார்கள். மெத்து என்றதும் அவனுக்குப் பிள்ளையார்பாளையத்து நெசவுக்கார சிநேகிதன் ராமலிங்கம் நினைவுக்கு வந்தான். ராமலிங்கம் சந்தோஷமாகக் கழிவுப் பட்டு ஒரு மூட்டை கொடுத்தான். அரக்கு நிறத்தில் ஒரு துண்டும் கொடுத்து, மேலே அதை வைத்துத் தைக்கச் சொன்னான். தைத்த பிறகு ஹெல்மெட் உள்ளே முகூர்த்தப் புடவை கட்டினதுபோல இருந்தது.

விஜயா உள்ளே கையைவிட்டுத் தடவினாள்.

“ஒரு மொழம் பட்டுக்கு எத்தினி புழு தெரியுமா?”

“தெரியாது.”

“எனக்குத் தெரியும். அஞ்சாங்கிளாஸ் பாடத்துல இருக்குது. உசிரோட கொதிக்கிற தண்ணில போடறாங்க. அத்தினியும் உங்க தலைமேல வெச்சிக்கினு போவப் போறீங்களா?”

கல்யாணத்துக்கே நூல் புடவை கட்டிக்கொண்டவள் அவள். இதை முன்பே யோசித்திருக்க வேண்டும். தையலைப் பிரித்து, மூட்டையைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தான். ராமலிங்கம் அதை வாங்கி வைத்துக்கொண்டு, தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தான்.

“காஞ்சிபுரத்துல பட்டு வேணான்னு திருப்பிக் குடுத்த மொத ஆளு நீதான்பா. வெளிய சொல்லிடாத, யாவாரம் படுத்துக்கும்.”

கடைசியில் பஞ்சு மெத்தை தைக்கும் மஸ்தான் பாயிடம் போவது என்று முடிவாயிற்று. இலவம்பஞ்சு மரத்தில் காய்ப்பது. யாரையும் கொன்று எடுப்பதில்லை. விஜயாவும் ஒத்துக்கொண்டாள்.

“ஆனா அளவு சொல்ல நீங்க போவ வேணாம். உங்களுக்குச் சொல்லத் தெரியாது. நான் போறேன்.”

ஹெல்மெட் தயாராகி வந்தது. அழகான வேலை. வெள்ளை மல் துணி போர்த்து, தாடைக்கு நாடா வைத்திருந்தார் பாய். அஜிதநாதன் மாட்டிப் பார்த்தான். நெற்றியில் இறுக்கியது. காதுகளைப் பஞ்சு அடைத்தது. பின்னந்தலையில் மட்டும் ஒரு பெரிய குழி, கைமுஷ்டி போகும் அளவுக்கு.

பாயிடம் எடுத்துக்கொண்டு போனான்.

“பின்னாடி பள்ளமா இருக்குதே பாய்?”

“அம்மா அப்டித்தான் வெக்கச் சொன்னாங்கோ நயினாரே.”

“எதுக்கு?”

மஸ்தான் பாய் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே யோசித்தார். “காத்தோட்டம்,” என்றார்.

நியாயமாகப் பட்டது. ஆனாலும் அந்தக் குழியால் ஹெல்மெட் ஆடியது. ஒரு துண்டை மடித்துக் குழியில் திணித்துக்கொண்டான்.

தலை முடிந்தது. உடம்பு பாக்கி.

பள்ளிக்கூடத்துக் கிரிக்கெட் ஆட்டக்காரர்களிடம் காலுக்குக் கட்டும் பட்டை இரவல் கிடைத்தது. அதிலும் தோல் வார். எண்ணெய் டின்னை வெட்டி, மார்புக்கும் முதுகுக்கும் தகடு செய்துகொடுத்தான் தணிகாசலம். அதை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தால், நடக்க நடக்க டண் டண் என்று கேட்டது. நாய்கள் வந்தன. முதலில் அவர்கள் தெரு நாய்கள், பிறகு பக்கத்துத் தெருவிலிருந்தும். குனிந்தால் தகடு வயிற்றில் வெட்டியது. அடிபடாமல் இருக்கப் போட்டுக்கொண்டதால் அடிபட்டதென்று அதைக் கழற்றினார்கள்.

இந்தச் சமயத்தில் மில் முதலாளி வீட்டுப் பழைய பேப்பர் கட்டில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை அகப்பட்டது. அதில் ஒரு வெள்ளைக்காரன், காலில் பலகைகள் கட்டிக்கொண்டு பனிமலைச் சரிவில் சறுக்கிக்கொண்டிருந்தான். தலையில் ஹெல்மெட். தோள், மார்பு, முழங்கை, முழங்கால் எல்லாம் உப்பி, திணித்துத் தைத்த உடை. அஜிதநாதன் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு பாயிடம் ஓடினான்.

மஸ்தான் பாய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“இவரு எங்க போறாரு?”

“கீழே.”

“என்னா வேலையா?”

“வேலை ஒண்ணுமில்ல பாய். கீழ போவறாரு. அப்புறம் மறுபடி மேல ஏறி மறுபடி கீழ வருவாரு.”

“சும்மா மேலயே இருந்தா இந்தச் சட்டையே தேவைப்படாதே,” என்றார் பாய். ஆனால் தைத்துக்கொடுக்கச் சம்மதித்தார். தோளுக்கு மட்டும் கூடுதலாகப் பஞ்சு வைத்தார். பெருமாள் புறப்பாட்டில் பல்லக்குத் தூக்குகிறவர்களுக்குத் தோள்மெத்தை தைத்துத் தைத்து, தோள் என்றாலே அவர் கை தாராளமாகிவிடும்.

மெத்தைச் சட்டையில் நுழைந்தபோது அஜிதநாதனின் கைகள் இரண்டு பக்கமும் நீட்டியபடி நின்றுவிட்டன. மடங்கவில்லை. கிக்கரை உதைக்கக் கால் எழும்பவில்லை. முழங்கையிலும் முழங்காலிலும் பாய் பஞ்சை எடுத்தார். இப்போது மடங்கியது. ஆனால் அவன் வழக்கமாக விழுவது அந்த இடங்களில்தான் என்று விஜயா சுட்டிக்காட்டினாள். மறுபடி பஞ்சு வைத்தார்கள். மறுபடி எடுத்தார்கள். கார்த்திகை முழுக்க அந்தச் சட்டை வீட்டுக்கும் பாய் கடைக்கும் போய்வந்துகொண்டிருந்தது. ஒரு தடவை வந்தபோது தனியாக வரவில்லை.

“முதுகுல என்னமோ கடிக்குது,” என்றான் அஜிதநாதன்.

விஜயா தையலைப் பிரித்துப் பார்த்தாள். “மூட்டைப்பூச்சி. பாய் கடைல இருந்து ஏறியிருக்குது.”

மற்றவர்களானால் சட்டையை வெயிலில் போட்டுத் தட்டியிருப்பார்கள். வெயிலில் போட்டால் பூச்சி செத்துப்போகும். செத்துப்போனால் பாவம். சட்டையை நிழலில், காற்றாட, வேப்பமரத்தடியில் ஒரு பலகைமேல் விரித்து வைத்தாள் விஜயா.

“அதுங்களாப் போவட்டும்.”

“எப்ப போவும்?”

“அது அதுங்க இஷ்டம். நீங்க அவசரப்படாதீங்க.”

“நோட்டீஸ் குடுத்துப் பாருங்க சார்,” என்றான் தணிகாசலம். “வாடகை குடுக்காத ஆளுங்க அதுக்குக்கூட போவ மாட்டாங்க.”

இதற்கிடையில் அஜிதநாதனுக்கு வேறு ஒரு கவலை வந்துவிட்டது. மில்லிலிருந்து இருட்டில் அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் விஜயா, “நான் சாப்ட்டாச்சு,” என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

“எப்படி?”

“கையாலதான்.”

“இல்ல, பஸ் எப்படி அதுக்குள்ள வந்துது?”

“இப்பல்லாம் சீக்கிரம் வருது. காலைல கூட கொஞ்சம் லேட்டாக் கெளம்பினாப் போதும். நீங்க மில்லுக்குக் கெளம்பினப்புறம் நான் நிதானமாப் போறேன்.”

அவனுக்கு அந்த பஸ்ஸைத் தெரியும். அது திருந்துகிற பஸ் அல்ல. தன் பொருட்டுப் பொய் சொல்கிறாள் என்று புரிந்தது. புருஷன் விழுந்து அடிபடுவதைவிடத் தான் பட்டினி கிடப்பது மேல் என்று நினைத்துவிட்டாள். சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தான். சோறு குறைந்துதான் இருந்தது. மாட்டுக்குப் போட்டிருப்பாள். கன்னம் கூட இப்போது கொஞ்சம் உப்பியிருந்தது. பட்டினி முற்றினால் முகம் வீங்கும் என்று எங்கேயோ படித்திருந்தான்.

ஸ்கூட்டரிலும் ஒரு குழப்பம். டேங்கில் பெட்ரோல் குறைந்துகொண்டே வந்தது.

“ஆவியாவுது சார்,” என்றான் தணிகாசலம்.

“மார்கழிப் பனியிலா?”

“பனில மெதுவா ஆவியாவும். அதான் மெதுவாக் கொறையுது பாருங்க.”

பொங்கலுக்கு முன், பள்ளிக்கூடம் கடைசியாக நடக்கும் நாளுக்கு முந்தின இரவு, ஸ்ரீபாலன் வந்து இறங்கினார்.

“நாளைக்குச் சாயங்காலம் இங்கதான் இருப்பேன் மாப்பிள்ளை. பொண்ணு பொழுதோட வந்து எங்கண்ணு முன்னாடி சாப்பிட்டா சரி. இல்லன்னா ராஜினாமா எழுதி நானே எடுத்துக்கினு போறேன்.”

“வந்துடுவேன்பா,” என்றாள் விஜயா. அவள் குரலில் இருந்த நிதானம் அஜிதநாதனை உலுக்கியது. தன் வேலை போகப் போகிறதென்று தெரிந்தும் எவ்வளவு தைரியம்.

இனிப் பொறுக்க முடியாது. பொழுது விடியும்போது அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார். அஜிதநாதன் வேப்பமரத்தடிக்குப் போய்ச் சட்டையை உதறாமல் எடுத்து, உற்றுப் பார்த்தான். பூச்சிகளில் பெரும்பாலானவை காலி செய்திருந்தன. அவன் கொடுத்த வாக்கு, முழுக் கவசம் இல்லாமல் ஏறுவதில்லை என்பதுதான். இப்போது கவசம் முழுசாக இருந்தது. தார்ப்பாயை விலக்கி, ஸ்கூட்டரைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு தெருமுனை போய், அங்கிருந்து மில் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனான்.

மத்தியானம் லீவு சொல்லிவிட்டு, மெத்தைச் சட்டையை மாட்டி, ஹெல்மெட்டுக்குள் துண்டைத் திணித்து, கிளம்பினான்.

முதல் கியரிலேயே போனான். இரண்டாவது கியர் இருப்பது அவனுக்குத் தெரியும். ஆனால் அதோடு அவனுக்குப் பழக்கமில்லை. வாலாஜாபாத் சாலையில் மாட்டுவண்டிகள் அவனைத் தாண்டிப் போயின. ஒரு வண்டிக்காரர், “கூட வரணும்னா சொல்லு, கயிறு கட்டறேன்,” என்றார்.

விழுந்தான். ஆச்சரியம், வலிக்கவே இல்லை. தலையணை விழுவதுபோலத் தொப்பென்று விழுந்து, ஒருமுறை உருண்டு, மல்லாந்து கிடந்தான். பஞ்சு அவனைத் தாங்கிய விதத்தில், விழுவதில் ஒரு சுகம்கூட இருந்தது. எழுந்திருப்பதுதான் கஷ்டம். கவிழ்த்துப்போட்ட பொன்வண்டு மாதிரி கையும் காலும் வானத்தைப் பார்த்து ஆட, வயலில் வேலை செய்தவர்கள் வந்து நிமிர்த்தி, வண்டியில் ஏற்றி, தள்ளிவிட்டார்கள். அடுத்த வளைவில் வேறு வயல்காரர்கள்.

தென்னேரிக்குத் திரும்பும் இடத்தில் எதிரே பஸ் வந்தது. வழக்கம்போல நேரம் கழித்து, வழக்கம்போல ஒரு பக்கம் சாய்ந்து. ஜன்னலிலிருந்து யாரோ ஒரு பெண் உடம்பில் பாதியை வெளியே நீட்டி, இரண்டு கைகளையும் ஆட்டி என்னவோ கத்தினாள். புழுதியில் முகம் தெரியவில்லை, காதில் இலவம்பஞ்சு. பாராட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டான். கையைத் தூக்க முடியாததால் ஹெல்மெட்டை ஆட்டி நன்றி தெரிவித்தான்.

ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தபோது சூரியன் தண்ணீருக்கு மேல் ஒரு பனை உயரத்தில் இருந்தது. பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் யாரும் இல்லை. வேர்க்கடலை வறுத்து விற்கும் மணியம்மாள் மட்டும் அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வண்டியைப் பார்த்தாள். ஹெல்மெட்டைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைக்காமலே எழுந்து வந்தாள்.

“யாரு வண்டிடா இது?”

“என் வண்டி.”

“தொப்பி?”

“அதுவும் என்னுதுதான். கொஞ்சம் நகரும்மா, டீச்சர்...”

“டீச்சர் பேர வேற சொல்றான்,” என்று மணியம்மாள் ஏரிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். “ஏ தர்மா, எல்லாரும் வாங்கடா. ஆளு மாட்டிக்கினான்.”

கரையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். தர்மன் என்பவன் மண்வெட்டிக் காம்பால் முதுகில் ஒன்று வைத்தான். அஜிதநாதனுக்குத் தெரியவே இல்லை. இன்னொருவன் தோளில் குத்தினான். பெருமாள் பல்லக்கைத் தாங்கும் பஞ்சு அதையும் தாங்கியது. கொஞ்ச நேரம் அடித்துப் பார்த்துவிட்டு அவர்களுக்கே கை வலித்தது.

“இன்னாடா இவன், அடிச்சா புழுதிதான் வருது,” என்றான் தர்மன் மூச்சு வாங்கிக்கொண்டு.

“நான் திருடன் இல்லப்பா,” என்றான் அஜிதநாதன். “டீச்சரோட வீட்டுக்காரர். அவங்கள கூட்டிக்கினு போவத்தான் வந்திருக்கேன். பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்குப் போயாவணும்.”

மணியம்மாள் அவன் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். உள்ளே கையைவிட்டு, பின்பக்கத்துக் குழியிலிருந்து துண்டை உருவினாள். அதைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினாள்.

“கொண்டைக்குன்னு விட்ட எடத்துல துண்டத் திணிச்சி வெச்சிக்கினு இவன் தொப்பியாமில்ல. கார்த்திகைலேருந்து டீச்சரம்மா தெனம் ஓட்டிக்கினு வர்ற வண்டி; இந்தப் பாவி தூக்கிக்கினு போனதுல இன்னிக்கி அது பஸ்ஸுல போவுது. பொழுது சாஞ்சா அது ஒரு வாய் சோறு துண்ணாதுன்னு இவனுக்கு எங்க தெரியப் போவுது?”